பிரித்துப் பூட்டிய ஜி.டி. நாயுடு



ருடால்ஃப் டீசல், கார்ல் பென்ஸ் என்று வெளிநாட்டு மேதைகளின் பெயர்களைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்குகிறோம். நம் தமிழ்நாட்டிலேயே, காலேஜில் படிக்காமல், என்ஜினைத் தன் கையாலேயே படித்த ஒரு மேதை இருந்தார். அவர்தான் கோவை ஜி.டி. நாயுடு.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு அவருக்கு ஒட்டவில்லை. வாலிப வயதில், ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, வண்டி எப்படி ஓடுகிறது? அந்தக் கேள்வி அவரை விடவில்லை. கோவைக்கு வந்து ஓட்டலில் சர்வர் வேலை பார்த்து, காசு சேர்த்து, அதே வண்டியை 300 ரூபாய்க்கு வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றவில்லை. நட்டு நட்டாகப் பிரித்தார், மறுபடியும் பூட்டினார். அதுதான் அவருடைய பாலிடெக்னிக்!

நண்பர்களே, பிரித்துப் பூட்டுவதில் என்ன பெருமை என்று கேட்கலாம். பழைய காரில் வந்து வந்து போகும் ரிப்பேரைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். காலையில் வண்டி நன்றாக ஓடும். சூடானதும் முக்கும், நின்றுவிடும். மெக்கானிக் வந்து சாவியைத் திருப்பினால் சாதுவாக ஸ்டார்ட் ஆகும். புது வண்டி என்றால் ஸ்கேனரை மாட்டிப் பார்க்கலாம். பாயிண்ட்டும் கார்புரேட்டரும் உள்ள பழைய வண்டியில் நம் கண்ணும் காதும்தான் ஸ்கேனர்.

நின்ற அந்த நிமிஷத்திலேயே பிளக்கில் ஸ்பார்க் வருகிறதா என்று பார்க்கவேண்டும். வரவில்லை என்றால் காயில், கண்டென்சர், பாயிண்ட், வயர் ஜாயிண்ட் என்று தேடவேண்டும். ஸ்பார்க் இருந்தால் பெட்ரோல் பக்கம் போகவேண்டும். சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி அடைத்திருக்கலாம். என்ஜின் சத்தம் ஏறுது, வண்டி மட்டும் இழுக்கல என்றால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. நியூட்ரலில் நின்றாலும் குலுக்கினால் கோளாறு என்ஜினில். ஒரே ஒரு கியரில் மட்டும் சத்தம் வந்தாலோ, கியர் தானாக நழுவினாலோ கியர்பாக்ஸைத் திறக்கவேண்டும். எது எதனோடு சேர்ந்திருக்கிறது என்று தெரியாதவர் நாலு பார்ட்டை மாற்றிவிட்டுப் பில் போடுவார். ரிப்பேர் மட்டும் அப்படியே இருக்கும்.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். அப்பா பட்டுத்தறி நெய்கிறவர். பாவில் இழை அறுந்துகொண்டே இருந்தால் அவர் நூலைத் திட்டமாட்டார். எப்போதும் ஒரே இடத்தில் அறுகிறதா என்று பார்ப்பார். ஒரே இடம் என்றால் அச்சிலோ விழுதிலோ கோளாறு. இடம் மாறி மாறி அறுந்தால் நூலிலோ இழுவையிலோ கோளாறு. ஸ்கூலுக்குப் போகாத அப்பாவும், ஸ்கூல் பிடிக்காத நாயுடுவும் ஒரே பாடத்தைத்தான் படித்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

நாயுடு பஞ்சு வியாபாரத்தில் சம்பாதித்தார், பம்பாய் வரை போய் நஷ்டப்பட்டார். மனம் தளரவில்லை. ராபர்ட் ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு 1920-இல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே தாமே ஓட்டினார். அந்த ஒரு பஸ் வளர்ந்து யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் ஆகி, இருநூறுக்கும் மேற்பட்ட பஸ்கள் ஓடின. பஸ் வழியில் நின்றால் கூட்டமே நிற்கும். முதலாளிக்கே மெக்கானிக் வேலை தெரிந்தது அந்தக் கம்பெனியின் பெரிய பலம் என்றால் மிகையாகாது. 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின் மோட்டாரும் தயாரித்தார்.

நமக்கு முக்கியமான செய்தி இதுதான். 1945-இல் அவருடைய நன்கொடையால் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்வி நிலையம் தொடங்கியது. அவரே முதல்வராகவும் இருந்தார். வருஷக்கணக்கில் நீளும் படிப்பு காலவிரயம், கைவேலையோடு சேர்த்தால் சீக்கிரம் கற்றுத்தரலாம் என்பது அவர் கருத்து. அரசாங்கம் ஒத்துக்கொள்ளாததால் விலகினார். 1974 ஜனவரி 4-ஆம் நாள் மறைந்தார்.

அப்படியானால் நாம் படிக்கும் டிப்ளமோ வீணா? எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். எனக்காக வீட்டில் மற்றவர்கள் கூடுதலாகத் தறியில் உட்காருகிறார்கள். அதனால் இந்தக் கேள்வி என்னைச் சுடுகிறது. யோசித்துப் பார்த்தால், நாயுடு படிப்பை வெறுக்கவில்லை. கை படாத படிப்பைத்தான் வெறுத்தார். ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து கையெழுத்து வாங்கினால் போதாது. ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் என்ஜினைப் பிரிப்போம், பூட்டுவோம், ஓடவைப்போம். சர்டிபிகேட்டை நம் கையும் வாங்கட்டும்!