நயினாதீவுக் கல்லில் ஒரு மன்னரின் வணிகச் சட்டம்

குறிகட்டுவானில் படகேறி, நாகபூசணி அம்மனைக் கும்பிட்டுவிட்டு அடுத்த படகில் திரும்பிவிடுவதே என் வழக்கம். அந்தக் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு பற்றிப் பிந்தித்தான் அறிந்தேன். 1963இல் கா. இந்திரபாலா அதைப் படித்து வெளியிட்டார். ஆணை, பொலன்னறுவை மன்னர் முதலாம் பராக்கிரமபாகுவுடையது.

1153இல் முடிசூடிய அவரைப் பராக்கிரம சமுத்திரம் கட்டியவராகவே பள்ளியில் படித்தோம். வயலுக்கு நீர் தந்தவர் கடல் வணிகத்தையும் கவனித்திருக்கிறார். பிறநாட்டு வணிகர் ஊர்காவற்றுறைக்கு வரவேண்டும், அவர்களைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது கல்வெட்டு. யானை, குதிரை கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நான்கில் ஒரு பங்குதான் அரசுக்கு. மூன்று பங்கு உரியவருக்கு. வேறு சரக்கென்றால் சரிபாதி. உடைந்த கப்பலின் பொருள் முழுவதையும் அரசர்கள் பறித்துக்கொண்ட காலம் அது.

அவர் சமாதானப் புறா அல்ல. யானை வணிகத் தகராறில் பர்மாவுக்கும், பாண்டியர் அரியணைப் போட்டியில் இராமேஸ்வரத்துக்கும் படை அனுப்பினார். 1186இல் இறந்தார். 1215இல் மாகன் பொலன்னறுவையைக் கைப்பற்றினான்.

படைகள் போன கதை பாடநூலில் இருக்கிறது. வணிகரைக் காத்த சட்டம் நம் தீவில், நம் மொழியில் இருக்கிறது. வாசிக்க வேண்டியவர்களுக்குப் புரியவேண்டும் என்றுதான் தமிழில் எழுதினார்கள் என்று எனக்குப் படுகிறது.

போர் மூடிய கடலில், 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினம் - காங்கேசன்துறைக் கப்பல் மீண்டும் ஓடியது. அயல்நாடுகளோடு இணைந்து வளர்வது பற்றிப் பேசுவோர் ஒருமுறை நயினாதீவுக்கும் வரட்டும். பாதுகாப்பு, நியாயமான பங்கு, விளங்கும் மொழி: மூன்றும் அந்தக் கல்லில் இருக்கின்றன.