விரல் நுனியில் விழி தந்த லூயி பிரெயில்

வேலப்பன்சாவடியிலிருந்து பூந்தமல்லி நோக்கி நெடுஞ்சாலையில் பேருந்தில் செல்வோர், வெண்கோல் ஏந்திய மாணவர் சிலர் ஒருவர் தோள்மீது ஒருவர் கைவைத்து ஏறுவதையும் இறங்குவதையும் கண்டிருப்பர். பூந்தமல்லியில் பார்வையற்றோர்க்கென அரசு நடத்தும் பள்ளி ஒன்று உண்டு. அத்தகைய பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளின் பையைத் திறந்து பார்த்தால் தடித்த தாள்களும், சிறு கட்டங்கள் வெட்டிய சட்டம் ஒன்றும், கைப்பிடியுள்ள சிறிய ஊசி ஒன்றும் இருக்கும். அவ்வூசியால் தாளிற் குத்தி எழுதுகின்றனர். மேலெழுந்து நிற்கும் புள்ளிகளை விரலால் தடவிப் படிக்கின்றனர். அவ்வெழுத்தை ஆக்கித் தந்தவர், இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் பிரான்சு நாட்டுச் சிற்றூர் ஒன்றில் தோல் தைத்துப் பிழைத்த ஒருவரின் மகன். அதன் அடிப்படையை வகுத்து முடித்தபோது அவருக்கு வயது 15. பார்வை முற்றும் இழந்தவர். லூயி பிரெயில் என்பது அவர் பெயர். நம் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் அயல்நாட்டார் ஒருவரின் வரலாறு எதற்கு என வினவும் அன்பர்கள் சற்றுப் பொறுத்துப் படிக்க வேண்டுகிறேன்.

பாரிசு மாநகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கூப்வ்ரே என்னும் சிற்றூரில், 1809ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் லூயி பிறந்தார். தந்தை சிமோன் ரெனே பிரெயில், குதிரைக்குச் சேணமும் வார்களும் செய்பவர். தாய் மோனிக். நான்கு மக்களுள் லூயியே கடைக்குட்டி. ஊருக்குள்ளேயே வீடு, வீட்டை ஒட்டியே தோல் பட்டறை, சிறிது திராட்சைத் தோட்டம் எனக் குறைவின்றி வாழ்ந்த குடும்பம் அது. இங்கே ஒன்றை எண்ணாமல் இருக்க முடியவில்லை. தோலைத் தொட்டுத் தொழில் செய்தவரை ஊருக்கு வெளியே நிறுத்தியது நம் நாடு. அவர் தைத்த செருப்பையும் சேணத்தையும் ஏற்றுக்கொண்ட ஊர், அவர் பிள்ளையைப் பள்ளித் திண்ணையில் ஏற்றவில்லை. கூப்வ்ரேயில் சிமோன் ரெனேக்கு அவ்விழிவு இல்லை. அவர் மகனுக்குக் கல்வியின் வாயிலை அடைத்து நின்றது வேறொன்று.

மூன்று வயதுக் குழந்தையாக இருந்தபோது லூயி பட்டறையில் நுழைந்து, தந்தையைப் போலவே தோலில் துளையிட முயன்றான். கையில் இருந்தது கூரிய குத்தூசி. அது வழுக்கி ஒரு கண்ணிற் பாய்ந்தது. அக்காலத்தில் புண் சீழ்ப்பிடிப்பதைத் தடுக்கும் மருந்து இல்லை; நோய் மற்றொரு கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயதாவதற்குள் இரு கண்களும் ஒளியிழந்தன. பார்வையற்ற பிள்ளை என்றால் தெருவோரத்தில் இரந்து நிற்பதே விதி என்று கருதப்பட்ட காலம் அது. சிமோன் ரெனே அவ்வாறு கருதவில்லை. ஒரு கோல் செய்து கொடுத்து மகனை ஊருக்குள் தனியே நடந்து பழகச் செய்தார். மரப்பலகையில் ஆணிகளை எழுத்து வடிவில் அறைந்து, தடவிப் பார்த்து எழுத்தறியக் கற்பித்தார் என்றும் கூறுவர். ஊர்ப் பாதிரியாரான பல்யூய் அச்சிறுவனைத் தம் இல்லத்தில் அமர்த்திப் பாடம் சொன்னார். பின்னர் ஊர்ப் பள்ளியிற் சேர்க்கவும் ஏற்பாடு செய்தார். காதால் கேட்டவற்றையெல்லாம் மனத்தில் இருத்தி, கண்ணுள்ள பிள்ளைகளுக்கு முன்னே நின்றான் லூயி. ஆயினும் ஏனையோர் புத்தகத்தை விரித்துப் படிக்கும் நேரத்தில் அவன் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதாயிற்று.

பாரிசில் பார்வையற்ற சிறுவர்க்கெனத் தனிப்பள்ளி ஒன்று இருந்தது. அதனை நிறுவியவர் வாலந்தேன் அயூயி என்னும் பெருந்தகை. 1771இல் பாரிசுச் சந்தை ஒன்றில் பார்வையற்றோர் சிலர்க்குக் கோமாளி உடை உடுத்தி, பெரிய கண்ணாடிகளை மாட்டி, வாத்தியம் இசைக்கச் செய்து கூட்டம் சிரித்ததைக் கண்டு அவர் உள்ளம் புழுங்கினார். இரந்து திரிந்த பார்வையற்ற இளைஞன் ஒருவனை முதல் மாணாக்கனாகக் கொண்டு கற்பிக்கத் தொடங்கி, 1785இல் பள்ளியை உருவாக்கினார். உலகில் பார்வையற்றோர்க்கு எழுந்த முதற்பள்ளி அதுவே. 1819ஆம் ஆண்டு பிப்ரவரியில், பத்து வயது லூயி அப்பள்ளியிற் சேர்ந்தான். கட்டடமோ பழையது, புரட்சிக் காலத்தில் சிறையாக இருந்தது, ஈரம் கசியும் சுவர்கள். லூயியின் நெஞ்சை அரித்த காசநோய்க்கு அந்த ஈரமும் ஒரு காரணம் என்பது வரலாற்று ஆசிரியர் பலர் கருத்து.

அயூயி கண்ட முறை யாது? நாம் அச்சில் காணும் எழுத்துகளையே பெரிதாக்கி, தாளில் புடைத்தெழுமாறு அழுத்தி அச்சிடுவது. மாணவர் ஒவ்வோர் எழுத்தின் வளைவையும் கோட்டையும் விரலால் தேடிக் கண்டறிய வேண்டும். ஒரு சொல்லின் இறுதிக்கு வருமுன் முதலெழுத்து மறந்துபோகும். புத்தகங்களோ ஒரு சிறுவனால் தூக்க இயலாத பாரம். எண்ணிக்கையிலும் மிகக் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, அம்முறையில் படிக்கலாமேயன்றி, பார்வையற்றவர் தம் கையால் எளிதில் எழுத இயலாது. அயூயியின் அருளுள்ளத்தில் குறையில்லை. ஆனால் அவ்வெழுத்து கண்ணுக்கென்று பிறந்த எழுத்து. விரலிடம் அது கடன் கேட்டுக்கொண்டு வந்தது. கொடுப்பவர்க்கு எளிதாக இருப்பதைப் பெறுபவர்க்கும் எளிதென்று எண்ணிக் கொடுக்கும் தவற்றை, நன்மை செய்ய முன்வரும் எத்தனையோ பெரியோர் இன்றும் செய்கின்றனர்.

1821இல் ஷார்ல் பார்பியே என்னும் முன்னாள் படை அலுவலர் தாம் வகுத்த புதுமுறை ஒன்றைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். தாளில் குத்தி எழுப்பிய புள்ளிகளால் ஒலிகளைக் குறிப்பது அம்முறை. இருளிலும் படை வீரர் படிப்பதற்கென அமைத்தது என்று பரவலாகச் சொல்வர். பள்ளியைக் காணாத எளிய மக்களும் விரைவில் எழுதப் பழக வேண்டும் என்ற எண்ணமும் பார்பியேக்கு இருந்ததென ஆய்வாளர் காட்டுகின்றனர். கோட்டைவிடப் புள்ளி விரலுக்கு இணக்கமானது என்பதை மாணவர் உடனே உணர்ந்தனர். குறைகளும் தெரிந்தன. ஓர் ஒலிக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை செல்லும். ஒரே தொடுதலில் விரல் நுனிக்குள் அடங்காது. ஒலியைக் குறிக்குமே தவிர, சொல்லை முறைப்படி எழுத்துக்கூட்டி எழுத வழியில்லை. நிறுத்தற்குறி இல்லை, இசைக்குறி இல்லை.

பன்னிரண்டு வயது லூயி அதை எடுத்துக்கொண்டான். பகலில் வகுப்பு, ஏனையோர் உறங்கும் இரவிலும், விடுமுறைக்கு ஊர் சென்ற நாள்களிலும் தாளும் ஊசியுமாக இருந்தான். மூன்றாண்டுகள் சென்றன. 1824இல் அவன் கண்ட விடை வியப்பூட்டும் எளிமை உடையது. மேலிருந்து கீழாக மூன்று, பக்கவாட்டில் இரண்டு, ஆக ஆறே புள்ளிகள். சுட்டுவிரலின் நுனி ஒருமுறை படும் இடத்தில் ஆறும் அடங்கும். எந்தெந்த இடத்தில் புள்ளி எழும்புகிறது என்பதைக் கொண்டு 63 வேறுபட்ட வடிவங்கள் கிடைக்கும். எழுத்து, எண், நிறுத்தற்குறி, இசைக்குறி அனைத்துக்கும் அவை போதும். எழுதும்போது தாளின் பின்புறத்தில் வலமிருந்து இடமாகக் குத்திச் செல்ல வேண்டும். திருப்பினால் புள்ளிகள் எழுந்து நிற்க, இடமிருந்து வலமாகப் படிக்கலாம். கண்ணைப் பறித்த குத்தூசியின் தம்பி போன்ற ஒரு சிற்றூசியே எழுதுகோலாயிற்று. இதைக் கதை புனைவோர் மிகைப்படுத்துவதுண்டு. ஆனால் உண்மை உண்மைதான்.

1829இல் இம்முறையை விளக்கும் நூல் வெளிவந்தது. அந்நூலே அயூயியின் புடைப்பெழுத்தில்தான் அச்சாயிற்று என்பது ஒரு வேடிக்கை. அதில் தம் முறைக்கு வித்தாக அமைந்தது பார்பியேயின் முறையே என்று லூயி நன்றியோடு குறித்துள்ளார். பிறர் உழைப்பை மறைத்துத் தமக்கே புகழ் தேடும் பழக்கம் அவரிடம் இல்லை. 1837இல் திருத்திய பதிப்பு வந்தது.

படித்த பள்ளியிலேயே 1828இல் துணையாசிரியராகவும், 1833இல் முழு ஆசிரியராகவும் லூயி அமர்ந்தார். இலக்கணம், புவியியல், கணக்கு, இசை முதலியன கற்பித்தார். தேவாலயங்களில் ஆர்கன் வாசிக்கும் வல்லுநராகவும் விளங்கினார். ஆசிரியர் லூயியைப் பற்றி உடனிருந்தோர் விட்டுச்சென்ற செய்திகளே என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தவை. மாணவரைக் கடிந்துகொள்ள வேண்டிய இடத்திலும் குரல் உயர்த்தமாட்டார். ஏழை மாணவர்க்குத் தாளும் எழுதும் சட்டமும் தம் ஊதியத்திலிருந்து வாங்கித் தருவார். பணமுட்டுப்பட்ட மாணவர்க்குக் கடன் கொடுப்பார், திருப்பிக் கேட்கமாட்டார். தேவாலயம் ஒன்றில் தமக்கிருந்த ஆர்கன் வாசிக்கும் பணியை, பிழைப்பின்றித் தவித்த பார்வையற்ற இளைஞர் ஒருவருக்கு விட்டுக்கொடுத்தார். பார்வையுள்ள உற்றாரோடு பார்வையற்றோர் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ள வேண்டுமென, வழக்கமான எழுத்து வடிவங்களைப் புள்ளிகளால் வரையும் முறை ஒன்றை 1839இல் வெளியிட்டார். பார்வையற்ற நண்பர் பியேர் ஃபூக்கோ அதற்கென ஒரு பொறியையும் அமைத்துக் கொடுத்தார்.

இத்துணை நன்மை பயந்த புள்ளியெழுத்து உடனே ஏற்கப்பட்டிருக்கும் என்று எண்ணத் தோன்றும். நடந்தது வேறு. 1840இல் பள்ளித் தலைமையை ஏற்ற துஃபோ, பார்வையுள்ளோர்க்கு விளங்காத எழுத்து, பார்வையற்றோரை உலகிலிருந்து பிரித்துவிடும் என்று கருதினார். பழைய நூல்கள் எரிக்கப்பட்டன. புள்ளியெழுத்து வகுப்பறையினின்று விலக்கப்பட்டது. ஆசிரியருள் பெரும்பாலோர் பார்வையுடையோர். தாம் படிக்க இயலாத ஓர் எழுத்தில் மாணவர் தமக்குள் எழுதிக்கொள்வது அவர்களுக்கு உவப்பாக இருந்திருக்காது. ஆனால் மாணவர் விடவில்லை. கிடைத்த கூரிய பொருள்களையெல்லாம் கொண்டு மறைவில் குத்தி எழுதினர். மூத்தோர் இளையோர்க்குக் கற்பித்தனர். எழுத்து இல்லாமை என்னவென்று அறிந்த பிள்ளைகளின் கையில் கிடைத்த எழுத்து அது. எந்த ஆணை அதனைப் பறிக்கும்? சென்னையில் ஒடுக்கப்பட்டோர்க்கெனக் கர்னல் ஆல்காட் 1894இல் முதற்பள்ளியைத் தொடங்குமுன், எழுத்தின் சுவை கண்ட நம் முன்னோர் சிலர் அதை எவ்வளவு ஏங்கிக் காத்தனர் என்று கேட்டு வளர்ந்த நமக்கு, பாரிசுச் சிறுவர்களின் பிடிவாதம் புதிதன்று.

துணைத்தலைவர் குவாதே அதனைக் கண்டு மனம் மாறினார். 1844 பிப்ரவரியில் பள்ளியின் புதிய கட்டடத் திறப்பு விழா நடைபெற்றது. அவையோர் முன்னிலையில் புள்ளியெழுத்தின் சிறப்பை விளக்கும் குவாதேயின் உரை இடம்பெற்றது. மாணவர் எழுதியும் படித்தும் காட்டினர். துஃபோவும் இசைந்தார். அன்று லூயிக்கு வயது 35. நோய் முற்றி, பாடம் சொல்லக் குரலும் வலுவும் குன்றியிருந்த நிலை. இடையில் சிறிது தேறிப் பணிக்குத் திரும்பினார், பின்னர் இயலாமற்போயிற்று. 43ஆம் பிறந்தநாள் கழிந்த இரண்டாம் நாள், 1852 சனவரி 6இல், பள்ளியின் நோயாளர் பகுதியிலேயே உயிர்நீத்தார். கூப்வ்ரேயில் நல்லடக்கம் செய்தனர். பாரிசு நாளேடுகள் அம்மறைவைப் பொருட்படுத்தவில்லை என்பர்.

திறக்காமல் எரித்துவிட வேண்டும் என்று சொல்லி ஒரு சிறு பெட்டியை அவர் விட்டுச்சென்றார். ஆவல் மேலிட்டுத் திறந்தவர்கள் கண்டவை கடன் சீட்டுகள். மாணவர்கள் அவரிடம் வாங்கிய கடனுக்கு எழுதித் தந்தவை. பின்னர் அவை எரிக்கப்பட்டன.

அவர் மறைந்து இரண்டாண்டு கழித்து, 1854இல், பிரான்சில் அவர் முறை அலுவல்முறையில் ஏற்கப்பட்டது. 1878இல் பாரிசில் கூடிய பன்னாட்டு மாநாடு அதனையே பரிந்துரைத்தது. தமிழகத்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர் கல்விக்கு வித்திட்டார். இந்திய மொழிகளுக்கு ஆளுக்கொரு முறையாக இருந்த குழப்பம், 1951இல் பாரதி பிரெயில் என்னும் பொதுமுறை வந்தபின் தீர்ந்தது. அதில் நம் அகரத்துக்கு ஒரே புள்ளி, இடப்பக்கத்தின் உச்சியில். ககரத்துக்கு அதனோடு அப்பக்கத்தின் அடிப்புள்ளியும் சேரும். கண்ணால் படிப்போர்க்கு ‘கொ’ என்னும் எழுத்தில் கொம்பு முன்னும் கால் பின்னுமாக நிற்கும். விரலால் படிப்போர்க்கு முதலில் ககரம், அடுத்து ஒகரம், ஒலிக்கும் வரிசையிலேயே வரும். நம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் இதைக் கேட்டால் சற்றுப் பொறாமைப்படுவர்.

மறைந்து நூறாண்டு நிறைந்த 1952இல், பிரான்சு நாடு லூயியின் உடலெச்சங்களை எடுத்துச்சென்று, அந்நாட்டுப் பெருமக்கள் துயிலும் பாரிசுப் பாந்தியோன் மண்டபத்தில் வைத்தது. கூப்வ்ரே ஊரார் அவரை முழுவதும் விட்டுக்கொடுக்கவில்லை. எழுதியும் படித்தும் பழகிய கைகளின் எலும்புகளை மட்டும் தம் ஊர்க் கல்லறையிலேயே ஒரு கலத்தில் வைத்துக் காத்து வருகின்றனர். தோல் பட்டறை இருந்த அவ்வீடு இன்று காட்சியகமாக உள்ளது.