வீட்டுக்குள் ஒரு குட்டிக் கடல்... 1854-லேயே வழி காட்டிய காஸ்!

போளூரில் நின்று மேற்கே பார்த்தால் ஜவ்வாது மலை. கிழக்கே எவ்வளவு பார்த்தாலும் கடல் தெரியாது. நேர்க்கோட்டில் அளந்தால்கூட மரக்காணம் கடற்கரை சுமார் 100 கிலோமீட்டர். இந்த ஊரில் உட்கார்ந்துகிட்டு, மொபைலில் பார்த்த கோமாளி மீனை வளர்க்கணும்னு உங்களுக்கு ஆசை வந்தா, கடல் தண்ணிக்கு எங்கே போறதுங்கிறதுதான் முதல் கேள்வி, இல்லையா?

இதே கேள்வி 170 வருஷத்துக்கு முன்னாடி லண்டனில் ஒருத்தருக்கு வந்தது. அவர் பேர் ஃபிலிப் ஹென்றி காஸ். அக்வேரியம்னு இன்னிக்கு நாம சர்வசாதாரணமா சொல்ற வார்த்தையை ஊரெங்கும் பரப்பியவர்.

காசில்லை, கண் இருந்தது

1810-ல் இங்கிலாந்தின் வூஸ்டரில் பிறந்தார் காஸ். அப்பா ஊர் ஊராகப் போய்ச் சின்னச் சின்ன உருவப்படங்கள் வரையும் ஓவியர். வருமானம் சொற்பம். பூல் என்ற துறைமுக ஊரில் வளர்ந்த பையன், 17 வயதில் கப்பலேறி நியூஃபவுண்ட்லாந்து போய்க் கணக்கு எழுதும் வேலையில் சேர்ந்தார். பிறகு கனடாவில் விவசாயம். கையைச் சுட்டுக்கொண்டதுதான் மிச்சம். அலபாமாவில் கொஞ்ச காலம் வாத்தியார். 1839-ல் ஊர் திரும்பியபோது சேமிப்பு என்று எதுவும் இல்லை. பூச்சிகளைப் பார்த்துப் பார்த்து எழுதிய குறிப்புகளும் வரைந்த படங்களும்தான் சொத்து.

அதை வைத்தே எழுத்தாளர் ஆனார். ஜமைக்காவுக்குப் போய்ப் பறவைகளைப் பற்றி எழுதினார். ராப்பகலாக உழைத்ததில் உடம்பு படுத்தது. 1852-ல் ஓய்வுக்காக டெவன் கடற்கரைக்குப் போனார். அலை வடிந்ததும் பாறைக்குழிகளில் தேங்கிய தண்ணீரில் கடல் சாமந்தி, நண்டு, இறால், பாசி என்று ஒரு தனி உலகம்! ஓய்வெடுக்கப் போனவர் குழி குழியாகத் தேட ஆரம்பித்துவிட்டார்.

டீ ஆத்துற மாதிரி...

ஜாடியில் பிடித்து வைத்தால் ரெண்டு நாளில் செத்துப்போகும். ஏன்? தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துவிடும், கழிவு சேர்ந்துவிடும். காஸுக்கு முன்னாடியே லண்டனில் ஆனா தின் என்ற பெண்மணி, 1846-ல் பவள உயிர்களை வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்த்தார். அவர் வீட்டுப் பணிப்பெண் தினமும் முக்கால் மணி நேரம்வரை ஜன்னலோரம் நின்று, அந்தத் தண்ணியை டீ ஆத்துற மாதிரி ஆத்தணும். அதுதான் அந்தக் கால ஏர் பம்ப்!

வெளிச்சத்தில் பாசி ஆக்சிஜன் தரும், உயிர்கள் அதை சுவாசிக்கும். இரண்டும் அளவாக இருந்தால் தொட்டி தாங்கும். இந்தச் சமநிலையை ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளரும் காஸும் தனித்தனியாகச் சோதித்துப் பார்த்தார்கள். 1853 மே மாதம் லண்டன் உயிரியல் பூங்காவில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறந்தது. அதற்கு உயிர்களைச் சேகரித்துத் தந்தவர்களில் காஸும் ஒருவர்.

மிச்சமிருந்தது தண்ணீர் பிரச்னை. 1854-ல் சாப்பாட்டு உப்பு, எப்சம் உப்பு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு என நான்கையும் நல்ல தண்ணீரில் கலந்து கடல் நீரைத் தயாரித்தார். உடனே உயிர்களைப் போடவில்லை. முதலில் பாசியை மட்டும் விட்டு, சுமார் ஒரு வாரம் காத்திருந்தார்.

உங்க தொட்டிக்கும் அதே கதைதான்

இன்னிக்கு உப்புக் கலவை பாக்கெட்டில் கிடைக்குது. லிட்டருக்கு சுமார் 35 கிராம். சமையல் உப்பு மட்டும் போட்டா கடல் ஆகாது. போர் தண்ணி வேண்டாம், ஆர்.ஓ. தண்ணி நல்லது. காத்திருப்பு மட்டும் ஒரு வாரம் இல்லை, நாலிலிருந்து ஆறு வாரம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். அதைத் தின்று மாற்றும் பாக்டீரியா கல்லிலும் மணலிலும் வளர அவ்வளவு நாள் ஆகும். சோதனைக் குப்பியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால்தான் மீனைப் பற்றிப் பேசணும்.

தொட்டி சின்னதா இருந்தா ஈஸின்னு நினைச்சுடாதீங்க. தண்ணி குறைவுன்னா தப்பு உடனே தெரியும். ஆவியாகிறது தண்ணி மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிடும். அதனால கண்ணாடியில கோடு போட்டு வெச்சு, குறையுற அளவுக்கு உப்பில்லாத தண்ணியை தினமும் ஊத்துங்க. வாரத்துக்கு 10 சதவிகிதம் உப்புத் தண்ணி மாத்துங்க. போளூர் வெயில்ல சூடு 28 டிகிரியைத் தாண்டாமப் பார்த்துக்கிறதுதான் பெரிய சவால். 20 லிட்டர் தொட்டிக்கு ரெண்டு நத்தை, ஒரு இறால் போதும். கோமாளி மீனுக்கு குறைஞ்சது 40 லிட்டர் வேணும்.

அவரையே சுட்ட வெற்றி

காஸின் அக்வேரியம் புத்தகம் 1854-ல் வந்தது. அடுத்த வருஷமே ஒரு கையேடும் வந்தது. இங்கிலாந்தே பைத்தியமாகிவிட்டது. வசதியான வீட்டு வரவேற்பறைகளிலெல்லாம் தொட்டி. 1857-ல் மனைவி எமிலியைப் புற்றுநோய் கொண்டுபோனது. சிறுவனாக இருந்த மகன் எட்மண்டோடு டெவனுக்கே குடிபெயர்ந்தார். அந்தக் கரையில்தான் அந்தக் கொடுமையைப் பார்த்தார். அவர் புத்தகத்தைப் படித்தவர்கள் வாளியும் உளியுமாக வந்து பாறைக்குழிகளைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். பல நூற்றாண்டாகத் தொடாமல் கிடந்த குழிகள் சில வருஷத்தில் காலி. அதற்குத் தானும் காரணம் என்ற வருத்தம் அப்பாவை விடவில்லை என்று 1907-ல் எட்மண்ட் பதிவு செய்தார். காஸ் 1888-லேயே இறந்துவிட்டார்.

நம்ம ஊர்ல மன்னார் வளைகுடா இருக்கு. கடல் குதிரையையும் பவளத்தையும் கடலிலிருந்து எடுக்க வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை விதிக்குது. கோமாளி மீனையோ, மண்டபம், பரங்கிப்பேட்டை ஆய்வு மையங்களில் குஞ்சு பொரிக்கவே வைத்துக் காட்டிவிட்டார்கள். அதனால மீன் கடைக்குப் போனா விலையை அப்புறம் கேளுங்க. இது பண்ணையில் பொரிஞ்சதா, கடல்ல பிடிச்சதான்னு முதல்ல கேளுங்க.