பிள்ளைகளோடு ஓடிய பாதிரியார்

மும்பையில் மாதுங்கா பக்கம் போய் வரும் தமிழர்களுக்கு டான் போஸ்கோ என்ற பெயர் புதிது அல்ல. ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் பெயராகவே பலரும் அதை அறிவார்கள்.

அது ஒரு மனிதரின் பெயர். இத்தாலி நாட்டில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்து, கேட்பாரற்றுக் கெட்டு, சிறைக்குப் போய்க்கொண்டிருந்த பையன்களை மீட்பதற்கே தம் வாழ்நாள் முழுவதையும் கொடுத்தார்.

அந்தப் பையன்களை அவர் தம் பக்கம் இழுத்தது விளையாட்டைக் கொண்டு.

தகப்பன் இல்லாப் பிள்ளை

1815-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 16-ந் தேதி, வட இத்தாலியில் டூரின் நகரத்துக்குச் சற்றுத் தொலைவில் உள்ள பெக்கி என்ற குக்கிராமத்தில் ஜான் போஸ்கோ பிறந்தார். டான் என்பது அந்த நாட்டில் பாதிரியார்களை மரியாதையாக அழைக்கும் சொல்.

ஜானுக்கு இரண்டு வயது நிரம்பும் முன்பே தகப்பனார் இறந்துவிட்டார். தாய் மார்கரீட்டா எழுதப் படிக்கத் தெரியாதவர். வயலில் பாடுபட்டு மூன்று பிள்ளைகளை வளர்த்தார். மூத்த பிள்ளை அந்தோணி, கணவருடைய முதல் தாரத்து மகன். வேலைக்கு ஆள் வேண்டிய வீட்டில் தம்பி புத்தகமும் கையுமாக இருப்பது அவனுக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் தினமும் சண்டை. முடிவில் 12 வயதிலேயே ஜான் வேறு ஒருவர் பண்ணைக்கு வேலையாளாகப் போக நேர்ந்தது.

ஒன்பது வயதில் ஜான் ஒரு கனவு கண்டதாகப் பிற்காலத்தில் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். ஒரு திடலில் பல பையன்கள் விளையாடுகிறார்கள். சிலர் கெட்ட வார்த்தை பேசுகிறார்கள். ஜான் அவர்கள் மீது பாய்ந்து அடிக்கிறான். அப்போது ஒளி பொருந்திய ஒருவர் தோன்றி, இவர்களை அடித்து வெல்ல முடியாது, அன்பினால்தான் வெல்ல முடியும் என்று சொல்கிறார்.

அந்தக் கனவை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

வித்தைக்காரச் சிறுவன்

ஊர்ச் சந்தைக்குக் கழைக்கூத்தாடிகள் வருவார்கள். ஜான் முன்வரிசையில் நின்று அவர்கள் செய்வதைக் கூர்ந்து கவனிப்பான். வீட்டுக்கு வந்து அதையே செய்து பழகுவான். எத்தனையோ முறை விழுந்து அடிபட்டான். ஆனாலும் கயிற்றின் மேல் நடக்கவும், கரணம் போடவும், செப்படி வித்தை காட்டவும் கற்றுக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டி வித்தை காட்டுவான். ஊரே திரண்டுவிடும். டிக்கெட் இல்லை. ஆனால் கூட்டத்தினர் அவனோடு சேர்ந்து ஜெபம் சொல்ல வேண்டும். காலையில் கோவிலில் கேட்ட பிரசங்கத்தை அவன் திருப்பிச் சொல்ல, அதையும் கேட்க வேண்டும். அதுதான் கட்டணம்!

1831-ம் ஆண்டு கியேரி என்ற ஊருக்குப் படிக்கப் போனார். தையற்கடையிலும் காபிக்கடையிலும் வேலை பார்த்துக்கொண்டே படித்தார். அங்கு நண்பர்களைச் சேர்த்து, மகிழ்ச்சிச் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார். படிப்பையும் பக்தியையும் விடக்கூடாது, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டும் இருக்கக்கூடாது என்பது அந்தச் சங்கத்தின் விதி.

அந்த ஊருக்கு ஒரு தொழில்முறை வித்தைக்காரன் வந்தான். ஞாயிற்றுக்கிழமை கோவில் நேரத்தில் வித்தை காட்டிப் பையன்களை இழுத்துக்கொண்டான். ஜான் அவனைப் போட்டிக்கு அழைத்தார். ஓட்டம், வாய்க்கால் தாண்டுதல், கோலைக் கையில் நிறுத்தி ஆட்டுதல், மரம் ஏறுதல் என்று ஒவ்வொன்றிலும் பந்தயம். எல்லாவற்றிலும் ஜான் ஜெயித்தார். மர உச்சியில் தலைகீழாகவே நின்று காட்டினார்.

வித்தைக்காரன் கையில் இருந்த பணம் முழுவதையும் இழந்து நின்றான். அவனைப் பார்க்க ஜானுக்கு இரக்கமாகிவிட்டது. நண்பர்கள் எல்லோருக்கும் ஒரு விருந்து வைத்தால் போதும் என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சிறையில் கண்ட காட்சி

1841-ம் ஆண்டு ஜூன் 5-ந் தேதி, 25-வது வயதில், ஜான் போஸ்கோ குருப்பட்டம் பெற்றார். டூரின் நகரில் மேற்கொண்டு பயிற்சி பெறும்போது, அவருடைய ஆசிரியர் கஃபாஸ்ஸோ அடிகளார் அவரைச் சிறைச்சாலைகளுக்கு அழைத்துச் சென்றார்.

12 வயது முதல் 18 வயது வரை உள்ள பையன்கள் கூட்டம் கூட்டமாக அங்கே அடைபட்டுக் கிடந்தார்கள். நல்ல உடற்கட்டு, கூர்மையான புத்தி. ஆனால் செய்ய ஒன்றும் இல்லை. விடுதலையாகிப் போனவர்கள் சில நாட்களிலேயே திரும்பி வந்தார்கள்.

அதற்குக் காரணம் என்ன என்று டான் போஸ்கோ யோசித்தார். வெளியே அவர்களுக்கு யாரும் இல்லை. அக்கறை கொண்ட ஒரு பெரியவர் வெளியே காத்திருந்தால், இவர்களில் பலர் திரும்பி வரவே மாட்டார்கள் என்று அவருக்குப் பட்டது.

டூரின் அப்போது வளர்ந்துகொண்டிருந்த நகரம். கிராமங்களிலிருந்து பையன்கள் கொத்து வேலைக்கும், கல் உடைக்கவும், சாலை போடவும் வந்து குவிந்தார்கள். ஆறு நாள் உழைப்பு. ஞாயிற்றுக்கிழமை கையில் கொஞ்சம் காசு இருக்கும். போக இடம் இருக்காது. வேண்டாத பழக்கங்கள் எல்லாம் அந்த ஒரு நாளில்தான் தொற்றிக்கொண்டன. டான் போஸ்கோ அந்த ஒரு நாளைப் பிடித்துக்கொண்டார்.

விசில் அடிக்கத் தெரியுமா?

1841 டிசம்பர் 8-ந் தேதி பூசைக்குத் தயாராகிக்கொண்டிருந்தார் டான் போஸ்கோ. ஒரு பையன் அந்தப் பக்கம் வந்து நின்றான். பூசைக்கு உதவத் தெரியாது என்று அவன் சொன்னதும் கோவில்பிள்ளை அவனை அடித்து விரட்டினார். டான் போஸ்கோ பதறிப் போய், அவன் என் நண்பன் என்று சொல்லித் திரும்ப அழைத்து வரச் செய்தார்.

பர்தலமேயு கரெல்லி என்பது அவன் பெயர். 16 வயது. தாய் தகப்பன் இல்லை. வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவன். படிக்கத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது. எழுத? தெரியாது. பாட? அதுவும் தெரியாது. விசில் அடிக்கத் தெரியுமா என்று கேட்டார். பையன் சிரித்துவிட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் நண்பர்களையும் கூட்டி வந்தான். நான்கைந்து பேர் பத்து இருபதாகி, பிறகு நூற்றுக்கணக்கில் ஆனார்கள். காலையில் பூசை, கொஞ்சம் படிப்பு, பிறகு நாள் முழுவதும் விளையாட்டு. ஓட்டப் பந்தயம், பொய்க்கால் நடை, பந்து என்று திடல் அதிரும். நம் ஊர் சடுகுடு போல இரண்டு கட்சியாகப் பிரிந்து, எதிரியைத் தொட்டுச் சிறைபிடிக்கும் ஓர் ஆட்டமும் உண்டு. அதில் பாதிரியார்தான் முதல் ஆள். அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவார்.

பைத்தியம் என்றார்கள்

இத்தனை பையன்களை யார் தாங்குவார்கள்? இடம் இடமாக விரட்டப்பட்டார்கள். ஒரு கல்லறைக் கோவில் வளாகத்தில் விளையாடியபோது, அங்கிருந்த சாமியாரின் வேலைக்காரி தன் கோழி மிரண்டு ஓடியது என்று சண்டைக்கு வந்தாள். மாவு ஆலைப் பக்கம் போனார்கள். அங்கும் புகார். வாடகை அறைகளில் கூடினார்கள். அங்கும் அக்கம்பக்கத்தார் எதிர்ப்பு.

நகரின் காவல் அதிகாரத்தை வகித்த மிக்கேல் காவூர் பிரபு, இந்தக் கூட்டம் கலகத்தில் முடியும் என்று சந்தேகப்பட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் காவலர்களை நிறுத்திக் கண்காணித்தார்.

டான் போஸ்கோவுக்குச் சம்பளம் கொடுத்து வேலையில் வைத்திருந்த பரோலோ சீமாட்டி நல்ல மனம் கொண்டவர். ஆனால் வேலையா, பையன்களா, ஒன்றை முடிவு செய்யுங்கள் என்று கேட்டுவிட்டார். டான் போஸ்கோ வேலையை விட்டார்.

அவருக்கு மூளை கலங்கிவிட்டது என்று சக பாதிரியார்களே பேசத் தொடங்கினார்கள். ஒரு நாள் இரண்டு பாதிரியார்கள் வண்டியோடு வந்து, காற்று வாங்கப் போகலாம் என்று கூப்பிட்டார்கள். மனநோய் மருத்துவமனைக்கு அழைத்துப் போகவே வந்திருக்கிறார்கள் என்று டான் போஸ்கோவுக்குப் புரிந்துவிட்டது. முதலில் நீங்கள் ஏறுங்கள் என்று மரியாதையாகச் சொன்னார். அவர்கள் ஏறியதும் கதவைச் சாத்தி, வண்டியை மருத்துவமனைக்கு விடச் சொன்னார்!

1846 ஏப்ரல் 12, ஈஸ்டர் திருநாள். வால்டோக்கோ என்ற புறநகர்ப் பகுதியில் பினார்டி என்பவரின் கொட்டகையும் அதை ஒட்டிய காலி இடமும் வாடகைக்குக் கிடைத்தன. கூரை மிகத் தாழ்வாக இருந்ததால் தரையைத் தோண்டிப் பள்ளமாக்க வேண்டியிருந்தது. அந்தக் கொட்டகைதான் நிலையான முதல் இடம்.

அந்த ஆண்டே அவர் கடும் நோயில் விழுந்து சாகக் கிடந்தார். கொத்து வேலை செய்யும் பையன்கள் முறை போட்டுக்கொண்டு கோவிலில் மண்டியிட்டார்கள். சிலர் வெயிலில் வேலை செய்துகொண்டே பட்டினி விரதம் இருந்தார்கள். அவர் பிழைத்து எழுந்தார். நவம்பரில் வயதான தாயையும் கிராமத்திலிருந்து கூட்டி வந்தார். பையன்கள் எல்லோருக்கும் அவர் மார்கரீட்டா அம்மா ஆனார்.

எல்லாம் எடுத்த எடுப்பில் கைகூடவில்லை. இடமில்லாத சில பையன்களுக்கு வைக்கோல் அறையில் படுக்க இடம் கொடுத்தார். காலையில் பார்த்தால் ஆளும் இல்லை, போர்வையும் இல்லை! அதற்காக அவர் கதவை மூடவில்லை. 1847-ல் மழை இரவில் நனைந்து வந்து நின்ற ஓர் அநாதைப் பையனுக்கு மீண்டும் இடம் கொடுத்தார். அவனோடு விடுதி தொடங்கியது.

விளையாட்டு மட்டும் சோறு போடாது என்பதும் அவருக்குத் தெரியும். பையன்களை வேலைக்குச் சேர்க்கும்போது முதலாளிகளோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்தார். அடிக்கக்கூடாது, தொழிலுக்குச் சம்பந்தமில்லாத வேலை வாங்கக்கூடாது, விடுமுறை நாளில் பையனை விட வேண்டும் என்றெல்லாம் அவற்றில் கண்டிருந்தது. 1853-ல் சொந்தமாகவே செருப்புத் தைக்கவும் துணி தைக்கவும் பட்டறைகள் வைத்தார். புத்தகம் கட்டுதல், தச்சு வேலை, அச்சுத் தொழில் எல்லாம் பின்னால் வந்தன.

ஒரு போக்கிரியின் கதை

1857-ம் ஆண்டு. கார்மனோலா ரெயில் நிலையத்தில் டான் போஸ்கோ வண்டிக்காகக் காத்திருந்தார். ஒரே பனிமூட்டம். சில பையன்கள் கூச்சல் போட்டு விளையாடும் சத்தம் கேட்டது. ஒரு குரல் மட்டும் மற்றவர்களை அதட்டி ஏவிக்கொண்டிருந்தது.

டான் போஸ்கோ நடுவில் போய் நின்றார். எல்லோரும் ஓடிவிட்டார்கள். அந்தக் குரலுக்கு உரியவன் மட்டும் இடுப்பில் கை வைத்து நின்று, நீர் யார், எங்கள் விளையாட்டில் உமக்கு என்ன வேலை என்று கேட்டான்.

மிக்கேல் மகோனே. 13 வயதுகூட நிரம்பவில்லை. தகப்பன் இல்லை. தாய் கூலி வேலைக்குப் போகிறவர். பள்ளிக்கூடத்திலிருந்து விரட்டப்பட்டவன். தன் தொழில் சும்மா இருப்பது என்றான்.

டான் போஸ்கோ அவனைத் தம் விடுதிக்கு வரவழைத்தார். மணி அடித்ததும் பீரங்கிக் குண்டு போலத் திடலுக்குப் பாய்வான். அவன் துடுக்கை யாரும் அடக்கவில்லை. அதற்கு ஓர் ஒழுங்கு கிடைத்தது. கும்பலுக்குத் தலைவனாக இருந்தவன் நோயாளிப் பையன்களுக்கு உதவுபவனாக மாறினான். 1859 ஜனவரியில் நோய் கண்டு 13 வயதிலேயே இறந்துபோனான். அவன் வாழ்க்கையை டான் போஸ்கோவே நூலாக எழுதினார்.

1859-ல் அவருடைய பணிக்கென்று சலேசியர் சபை உருவானது. அதன் முதல் உறுப்பினர்களில் பெரும்பாலோர் அந்தத் திடலில் வளர்ந்த இளைஞர்களே.

திடலில் யார் நிற்கிறார்கள்?

தம் முறையை 1877-ல் அவர் சுருக்கமாக எழுதி வைத்தார். தவறு செய்தபின் தண்டிப்பதைவிட, தவறு நேராதபடி கூடவே இருப்பது நல்லது. பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லும் காரணமும், கடவுள் பக்தியும், அன்பும் இதற்கு மூன்று தூண்கள். பிள்ளைகள் மனம்போல ஓடவும் குதிக்கவும் சத்தம் போடவும் விட வேண்டும். உடற்பயிற்சி, இசை, நாடகம், உலா ஆகியவை ஒழுக்கத்தை வளர்க்கும் என்றார்.

வயதான பிறகு அவருக்கு ஒரு கவலை வந்தது. 1884 மே மாதம் ரோமாபுரியிலிருந்து டூரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். பழைய நாட்களில் திடல் முழுவதும் ஆட்டமும் பாட்டுமாக இருந்தது, ஆசிரியர்களும் கூடவே ஓடினார்கள். இப்போது பையன்கள் மூலையில் சோர்ந்து நிற்கிறார்கள், சிலர் ஒளிந்து பேசுகிறார்கள், பெரியவர்களோ தங்களுக்குள் பேசி உலாவுகிறார்கள் என்று வருந்தினார். பிள்ளைகளை நேசித்தால் மட்டும் போதாது, தாங்கள் நேசிக்கப்படுவதைப் பிள்ளைகள் உணர வேண்டும் என்பதே அந்தக் கடிதத்தின் சாரம். திடல் அப்படியேதான் இருந்தது. அதில் இறங்கி ஓட ஆள்தான் குறைந்திருந்தது.

1888 ஜனவரி 31-ந் தேதி, 72-வது வயதில், டான் போஸ்கோ டூரினில் காலமானார். 1934 ஏப்ரல் 1-ந் தேதி போப்பாண்டவர் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார்.

அவருடைய சபையினர் இந்தியாவில் முதன்முதலில் பணி தொடங்கிய இடம் நமது தஞ்சாவூர். 1906-ல் அவர்கள் கப்பலில் மும்பை வந்து இறங்கி அங்கே போனார்கள். இன்று 130-க்கும் அதிகமான நாடுகளில் அவர்களுடைய பள்ளிகளும் தொழிற்கூடங்களும் இருக்கின்றன. வகுப்பு முடிந்து மணி அடித்ததும் ஆசிரியரும் திடலுக்கு வர வேண்டும் என்பது அவர்களுக்கு டான் போஸ்கோ விட்டுச் சென்ற பாடம்.