பாறையைப் பெயர்க்கும் நால்வர்

நம் வரதர் கோயில் நூற்றுக்கால் மண்டபத்துக் குதிரை வீரர்களைச் செதுக்கியோரின் பெயர்களை நாம் அறியோம். சென்னைக் கடற்கரை உழைப்பாளர் சிலையை வடித்தவரின் பெயர் ஏட்டில் உண்டு. எனினும் அதைச் சொல்வோர் அரியர்.

தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1899இல், இன்று வங்கதேசத்தில் உள்ள தாஜ்ஹாட்டில் பிறந்தார். அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றார். மல்யுத்தமும் வேட்டையும் புல்லாங்குழலும் கதையெழுத்தும் ஒருங்கே கைவந்த மனிதர். 1929 முதல் 1957 வரை சென்னை ஓவியப் பள்ளியின் தலைமையில் இருந்தார். கே.சி.எஸ். பணிக்கரும் தனபாலும் அவரிடம் பயின்றவர்களே.

அக்காலத்தில் சோவியத் நாட்டில் சிலை என்பது அரசின் குரலாக இருந்தது. 1918இலேயே லெனின் அதற்கு ஆணை பிறப்பித்திருந்தார். 1937இல் பாரிஸ் கண்காட்சியில், வேரா முகினா படைத்த தொழிலாளியும் உழவர் பெண்ணும் சுத்தியலும் அரிவாளும் உயர்த்தி எஃகு உருவில் வானளாவ நின்றனர். வென்றுவிட்டவர்களின் தோற்றம் அது. அதே ஆண்டில் நம் சிற்பிக்கு ஆங்கில அரசு பட்டம் வழங்கிற்று என்பது வேடிக்கையான பொருத்தம்.

உழைப்பாளர் சிலை 1959இல் திறக்கப்பட்டது. சிங்காரவேலர் 1923இல் மே தினம் கொண்டாடிய கடற்கரையில் அதை நிறுத்தியது பொதுவுடைமை அரசன்று, காமராசர் தலைமையிலான காங்கிரசு அரசு. நான்கு ஆண்கள் பெரும்பாறை ஒன்றை நெம்புகின்றனர். கொடியில்லை, சின்னமில்லை. முதுகும் தொடையும் முறுக்கேறி நிற்கின்றன. ஆங்கிலப் பெயரில் வெற்றி என்னும் சொல் உண்டு. வெண்கலத்தில் அது இன்னும் வந்து சேரவில்லை. பாறை அசைந்ததா என்றே தெரியவில்லை! முகினாவின் சிலையைவிட இதையே நான் உயர்வாகக் கொள்வேன். குழித்தறியில் காலிறக்கி நாள் முழுதும் அமர்ந்திருப்போர் வாழும் ஊரில் இதற்கு விளக்கம் வேண்டுவதில்லை. 1991க்குப் பின் சோவியத் நிலத்தில் தலைவர் சிலைகள் பல பீடத்தினின்று இறக்கப்பட்டன. பெயரற்ற இந்நால்வரை இறக்க எவருக்கும் தோன்றவில்லை.

பாட்னாவில் 1942 தியாகிகளின் நினைவுச் சின்னமும், மெரினாவின் காந்தி சிலையும் அவர் கைவண்ணமே. 1958இல் பத்மபூஷண் பெற்றார். காந்தியடிகளின் பின்னே பத்துப்பேர் நடக்கும் தில்லித் தண்டி யாத்திரைச் சிற்பத்தில் ஈடுபட்டிருந்தபோது, 1975இல் மறைந்தார். அவருடைய மறைவுக்குப் பின்னரே அது நிறைவுற்றது.