எல்லாக் கணினிக்கும் ஒரே மொழி

கணினி ஓர் அறையையே அடைத்துக்கொண்டிருந்த காலத்தில், அது மேசைமேல் அமரும் நாளைக் கனவு கண்டவர் கேரி கில்டால். அவர் 1942ஆம் ஆண்டு அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தார். அவருடைய குடும்பத்தினர் அங்கே கப்பல் செலுத்தும் கலையைக் கற்பிக்கும் பள்ளியொன்றை நடத்தி வந்தனர். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற கில்டால், கலிபோர்னியாவின் மாண்டரே நகரிலுள்ள கடற்படை முதுநிலைக் கல்விக்கூடத்தில் ஆசிரியராகப் பணியாற்றினார்.

அந்நாளில் இன்டெல் நிறுவனம் நுண்செயலிகளை வெளியிடத் தொடங்கியிருந்தது. சிறு கருவிகளை இயக்கும் உறுப்பாகவே பலரும் அவற்றைக் கருதினர். கில்டாலோ அவற்றுள் ஒரு முழுக் கணினியையே கண்டார். நெகிழ்வட்டில் கோப்புகளை எழுதவும் படிக்கவும் வல்ல இயக்க அமைப்பை 1974இல் உருவாக்கினார். அதுவே சிபி/எம்.

அவ்வமைப்பு பரவத் தொடங்கியபோது ஒரு தடை எழுந்தது. ஒவ்வொரு நிறுவனத்தின் கணினியிலும் வட்டியக்கியும் திரையும் வெவ்வேறாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் இயக்க அமைப்பைத் திருத்தியெழுத வேண்டியிருந்தது. கில்டால் கண்ட தீர்வு எளிமையானது; ஆனால் அதுவே அவருடைய பெருஞ்சாதனை. வன்பொருளோடு நேரடியாக உறவாடும் பகுதியை மட்டும் தனியே பிரித்து, அதற்குப் பயாஸ் எனப் பெயரிட்டார். புதிய கணினி வந்தால் அச்சிறு பகுதியை எழுதினாலே போதும். கோப்புகளைக் கையாளும் பகுதி மாறுவதில்லை. ஒரு கணினிக்காக எழுதிய நிரல், அதே வகை நுண்செயலி கொண்ட வேறு கணினிகளிலும் பெரும்பாலும் இயங்கியது. ஆஸ்போர்ன் 1 முதல் காமடோர் 128 வரை பல சிறு கணினிகளில் சிபி/எம் இடம்பெற்றது. மனைவி டோரதியுடன் அவர் தொடங்கிய டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனமும் வளர்ந்தது.

1980இல் ஐபிஎம் நிறுவனத்தார் தம் புதிய கணினிக்கு இயக்க அமைப்பு நாடி வந்தனர். பேச்சு உடனே முடிவுக்கு வரவில்லை. அவ்வாய்ப்பு மைக்ரோசாஃப்டுக்குச் சென்றது. கில்டால் விமானத்தில் உலாவச் சென்றதால் வாய்ப்பை இழந்தார் என்ற கதை பின்னர் பரவியது. அன்று அவர் பறந்தது தொழில் நிமித்தமாகவே. அக்கதை அவரை வாழ்நாளெல்லாம் வருத்தியது. ஐபிஎம் கணினிக்கான சிபி/எம் பின்னர் வெளிவந்தபோதும் அதன் விலை 240 டாலர். போட்டி அமைப்பின் விலையோ 40 டாலர். வாங்குவோர் எதனை நாடியிருப்பர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கில்டால் 1994இல், தம் 52ஆம் வயதில் மறைந்தார். 2014இல், பசிபிக் குரோவ் நகரில் அவருடைய நிறுவனம் இயங்கிய பழைய வீட்டின் முன் நினைவுப் பலகை பதிக்கப்பட்டது.