பல்லாவரம் மலையில் விடிய விடிய ஜெபம்: பைபிளைக் கிழித்த பக்த் சிங் ஊழியரானது எப்படி?

செங்கல்பட்டில் இருந்து ஜிஎஸ்டி சாலையில் சென்னைக்கு வருபவர்கள் பல்லாவரத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். வெள்ளிக்கிழமை சந்தை எல்லோருக்கும் தெரியும். மாமல்லபுரத்துக்குப் பெயர் தந்த நரசிம்மவர்மனின் தந்தை மகேந்திரவர்ம பல்லவன் இங்கே குகைக்கோயில் குடைந்ததும் பலருக்குத் தெரியும்.

ஆனா, இதே பல்லாவரத்து மலையில் 1941-ல் சிலர் ஓர் இரவு முழுக்கத் தூங்காமல் ஜெபம் செய்தார்கள். அன்று எடுத்த முடிவு இந்தியக் கிறிஸ்தவ வரலாற்றில் ஒரு தனிப் பாதையைத் தொடங்கி வைத்தது. அந்தக் குழுவின் தலைவர் ஒரு பஞ்சாபி. சீக்கியராகப் பிறந்தவர், பள்ளி வயதில் பைபிளைக் கிழித்துப் போட்டவர். பெயர் பக்த் சிங்.

யார் இவர்? ஒரு மனிதர் இவ்வளவு மாறுவதற்கு ஜெபம் எப்படிக் காரணமானது? பார்ப்போம்.

பைபிளைக் கிழித்தது ஏன்?

பக்த் சிங் 1903-ல் பஞ்சாபில், இன்று பாகிஸ்தானில் இருக்கும் ஜோயா என்ற ஊரில் பிறந்தார். வசதியான குடும்பம். சிறு வயதிலிருந்தே சீக்கிய மதத்தில் தீவிரப் பற்று. படித்தது கிறிஸ்தவ மிஷன் பள்ளியில் என்றாலும், கிறிஸ்தவம் என்றாலே வெறுப்பு. தேர்வில் தேறியதற்காகப் பள்ளியில் ஒரு பைபிளைப் பரிசாகக் கொடுத்தார்கள். தோல் அட்டை அழகாக இருந்ததால் அதை மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே இருந்த பக்கங்களைக் கிழித்துவிட்டார்.

1926-ல் பொறியியல் படிக்க லண்டன் போனார். அங்கே போனதும் தலைமுடியை வெட்டினார், தாடியை எடுத்தார். சிகரெட், மது என்று மேல்நாட்டு வாழ்க்கை. தன் மதமும் விலகிப் போனது, புதிதாக எதையும் நம்பவும் இல்லை.

கப்பலில் நடந்தது என்ன?

1928-ல் விடுமுறைக்காகக் கப்பலில் கனடா போனார். கப்பலில் ஒரு கிறிஸ்தவ ஆராதனை நடந்தது. மற்ற பயணிகளோடு சும்மா போய் உட்கார்ந்தார். பிரசங்கம் நடக்கும்போது தூங்கிவிட்டார். முழித்துப் பார்த்தால் எல்லோரும் முழங்காலில் இருக்கிறார்கள்.

எழுந்து போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். சொந்த மதம், நாடு, படிப்பு என எல்லாவற்றைப் பற்றியும் அவருக்குள் ஒரு பெருமை இருந்தது. ஆனால் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தொந்தரவாகுமே என்று, மரியாதைக்காக அவரும் முழங்கால் போட்டார். அந்த நிமிஷத்தில் உள்ளே ஏதோ உடைந்தது போலவும், சொல்ல முடியாத மகிழ்ச்சி வந்தது போலவும் உணர்ந்ததாகப் பிற்காலத்தில் சாட்சி சொல்லி வந்தார்.

ஆனால் கப்பலில் இருந்து இறங்கியதும் அவர் கிறிஸ்தவராகிவிடவில்லை. பைபிளைக் கையில் எடுக்கவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. 1929 டிசம்பரில், கனடாவின் வின்னிபெக் நகரில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு நண்பரிடம் கேட்டு வாங்கிய சின்னப் புதிய ஏற்பாட்டை ராத்திரி பகலாகப் படித்தார். யோவான் நற்செய்தியின் 3-ம் அதிகாரத்துக்கு வந்தபோது பழைய பாவங்கள் ஒவ்வொன்றாகக் கண் முன்னே வந்தன. பள்ளியில் கிழித்த பைபிளும் அதில் ஒன்று. அழுது மன்னிப்புக் கேட்டார். கிறிஸ்தவர்கள் மறுபிறப்பு, மனந்திரும்புதல் என்று சொல்வது இதைத்தான். 1932-ல் வான்கூவரில் ஞானஸ்நானம் பெற்றார்.

ஜெபத்தில் வந்த 3 நிபந்தனைகள்

அடுத்து ஊழியத்துக்கான அழைப்பு. இன்ஜினீயராகச் சம்பாதித்து, அந்தப் பணத்தை ஊழியத்துக்குக் கொடுக்கிறேன் என்பதுதான் அவர் விரும்பிய வழி. ஜெபத்தில் அதற்குச் சம்மதம் கிடைக்கவில்லை என்றார். பதிலாக மூன்று நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டார்:

1. பணத் தேவையை எந்த மனிதரிடமும் சொல்லக் கூடாது.
2. எந்த மிஷன் சங்கத்திலும் சம்பளத்துக்குச் சேரக் கூடாது.
3. சொந்தமாகத் திட்டம் போடக் கூடாது. ஒவ்வொரு நாளும் ஜெபித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதாவது, படித்த படிப்பை வைத்துக் கிடைக்கக்கூடிய எல்லாப் பாதுகாப்பையும் விட்டுவிட வேண்டும்.

வீட்டுக் கதவு மூடியது

1933 ஏப்ரலில் மும்பையில் கப்பல் இறங்கினார். பெற்றோர் துறைமுகத்துக்கே வந்திருந்தார்கள். கிறிஸ்தவராக இரு, ஆனால் வெளியே சொல்லாதே, குடும்ப மானம் போய்விடும் என்பதுதான் அவர்களின் வேண்டுகோள். மூச்சு விடாமல் உயிரோடு இருக்க முடியாது, அதுபோல இதை மறைத்து வாழ முடியாது என்ற பொருளில் பதில் சொன்னார் மகன். அவரை அங்கேயே விட்டுவிட்டுப் பெற்றோர் திரும்பினார்கள்.

ஏழு வருஷம் கழித்து ஊருக்கு வந்தவருக்குப் போக வீடு இல்லை. மும்பைத் தெருக்களிலேயே பிரசங்கத்தைத் தொடங்கினார். கராச்சி, பஞ்சாப் என்று ஊர் ஊராக நடந்தார். 1937-ல் பஞ்சாபின் மார்ட்டின்பூரில் அவர் நடத்திய கூட்டங்களில் பெரிய எழுப்புதல் ஏற்பட்டது. அடுத்த ஆண்டு சென்னைக்கு வந்தார். இங்கும் திரளாக மக்கள் கூடினார்கள்.

பல்லாவரம் இரவில் முடிவானது என்ன?

இங்கேதான் ஒரு சிக்கல். கூட்டத்தில் மனம் மாறியவர்கள் அடுத்து எங்கே போவது? பழைய சபைக்கே திரும்பினால் பலருக்கு ஆர்வம் அணைந்துவிடுகிறது. தனியாகக் கூடினால், ஆட்களைப் பிரிக்கிறார் என்ற பழி வரும். அதுவரை மேடை கொடுத்த மிஷன் சபைகளின் கதவும் மூடிவிடும்.

முடிவு தெரியாமல், கூட இருந்த சிலரோடு பல்லாவரம் மலைக்குப் போனார். அப்போது அது செங்கல்பட்டு மாவட்டத்தின் ஒதுக்குப்புறமான இடம். இரவு முழுவதும் ஜெபம். விடிந்து இறங்கி வரும்போது, புதிய ஏற்பாட்டில் இருப்பது போல வெளிநாட்டுப் பணமோ மிஷன் கட்டுப்பாடோ இல்லாத ஒரு சுதந்திர சபையைத் தொடங்குவது என்று முடிவாகியிருந்தது.

1941 ஜூலையில் சென்னை வேப்பேரியில் அந்தச் சபை தொடங்கியது. பெயர் யெகோவா ஷம்மா. கர்த்தர் அங்கே இருக்கிறார் என்று அர்த்தம்.

பழியும் வந்தது. ஆட்களை இழுக்கிறார் என்று பழைய சபைகள் குற்றம் சாட்டின. இன்றும் சில கிறிஸ்தவ வரலாற்று ஆசிரியர்கள் அதைப் பிரிவினையாகவே பார்க்கிறார்கள். இந்திய மண்ணுக்கேற்ற சபை வளர அதுதான் வழி செய்தது என்பது இன்னொரு தரப்பு.

பாய் விரித்து, பந்தி போட்டு...

அதே 1941-ன் இறுதியில் பரிசுத்த சபை கூடுகை என்ற பெயரில் பல நாள் கூட்டம் தொடங்கியது. பந்தல் போட்டு, பாய் விரித்து எல்லோரும் தரையில் உட்கார வேண்டும். சாப்பாடு இலவசம். எந்தச் சாதி, எந்த ஊர் என்று பார்க்காமல் ஒரே பந்தி. பணம் கேட்டு அறிவிப்பு இல்லை. முதலில் போட்ட நிபந்தனை இங்கேயும் தொடர்ந்தது. நாளைக்கு அரிசிக்கு என்ன செய்வது என்பதும் ஜெபத்தில்தான் வைக்கப்பட்டது.

1950-ல் ஹைதராபாத்தில் எப்ரோன் என்ற மையத்தைத் தொடங்கி, அங்கேயே தங்கினார். நாடு முழுக்க நூற்றுக்கணக்கான சபைகள் உருவாகின.

கடைசி ஆண்டுகள்

உலகம் சுற்றிப் பிரசங்கித்தவரைக் கடைசியில் பார்க்கின்சன் நோய் படுக்கையில் தள்ளியது. பல ஆண்டுகள் பேசவோ நடக்கவோ முடியாத நிலை. 2000 செப்டம்பர் 17 அன்று 97 வயதில் ஹைதராபாத்தில் இறந்தார். பெருந்திரளான மக்கள் கூட, நாராயணகுடா கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

ஜெபம் என்றால் கேட்டு வாங்குவது என்றுதான் பலரும் நினைக்கிறோம். பக்த் சிங்கின் கணக்கைப் பார்த்தால், ஒவ்வொரு முறை முழங்கால் போட்டபோதும் அவர் ஏதோ ஒன்றைக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறார். கப்பலில் பெருமை. வான்கூவரில் சம்பளம். பல்லாவரத்தில், பழைய சபைகள் தந்த மேடை.